மிஸ்ஸிக்கு யார் வாத்தியார்?

பெட்டாலிங் ஜெயாவின் கடைவீட்டு வரிசைகளில் இருக்கும் கிளினிக்குகளின் கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் நின்று படித்தாலே அந்தத் தொழிலின் நிலவரம் தெரிந்துவிடும். ஒரு பக்கம், எந்தெந்தக் கம்பெனிக்கும் காப்புறுதிக்கும் அது செலவை அவர்களே ஏற்கும் பேனல் கிளினிக் என்று சொல்லும் ஸ்டிக்கர் வரிசை. இன்னொரு பக்கம் 'ஜாவாத்தான் கோசோங்' என்று ஒரு தாள்: கிளினிக் உதவியாளர் தேவை, எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு போதும், அனுபவம் தேவையில்லை, பயிற்சி தரப்படும். சுங்கை வேயிலும் இதே கதை, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இதே கதை. ஸ்டிக்கர்கள் வெயிலில் வெளுத்துக் கிடக்கும். ஆள் கேட்கும் தாள் மட்டும் புதிதாக இருக்கும். ஏன் என்று கேட்டால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை என்ற பதில் வரும். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். என் கண் போய் நிற்பது அந்தத் தாளின் கடைசி வரியில். பயிற்சி தரப்படும் என்கிறார்களே, தரப்போவது யார்? பெரும்பாலும், சில மாதங்களுக்கு முன் இதே தாளைப் பார்த்து வந்து சேர்ந்த இன்னொரு பெண். ஆள் கிடைக்கவில்லை என்பதும் கிடைத்தவர் தங்கவில்லை என்பதும் இரண்டு சிக்கல்களாகப் பேசப்படுகின்றன. இரண்டுக்கும் வேர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

கவுண்டரில் நிற்கும் அந்தப் பெண்ணை, தாதியைக் கூப்பிடுவதுபோலவே, நாம் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுகிறோம். 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி, மூன்றாண்டு டிப்ளோமாவோ பட்டமோ முடித்து, தேர்வு எழுதி, தாதியர் வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் தாதி. தெருமுனை கிளினிக்கின் கவுண்டரில் நிற்பவர்களில் அநேகர் அப்படிப் பதிவு பெற்றவர்கள் இல்லை. ஆனால் அவர் செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஐ.சி. வாங்கிப் பதிவு செய்கிறார், பேனல் கம்பெனியின் கணினிப் பக்கத்தில் நுழைந்து அனுமதி வாங்குகிறார். இது கடைக்காரர் வேலை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து எடை பார்க்கிறார், இரத்த அழுத்தம் எடுக்கிறார், விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்கிறார், காயத்துக்குக் கட்டுப் போடுகிறார், மூச்சு இழுக்கும் குழந்தைக்கு நெபுலைசர் மாட்டுகிறார். டாக்டர் எழுதியதைப் படித்து, மாத்திரையை எண்ணி, சின்ன உறையில் போட்டு, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதி, நம் கையில் தருகிறார். மலேசியாவில் மருந்து எழுதுவதும் தருவதும் இன்னும் ஒரே கூரையின் கீழ்தான் நடக்கின்றன. 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம், டாக்டரின் நேரடி மேற்பார்வையில் மருந்து தரப்பட வேண்டும் என்கிறது. காத்திருப்போர் பதினைந்து பேர் இருக்கும் ஒரு திங்கள்கிழமைக் காலையில் அந்த மேற்பார்வை எவ்வளவு தூரம் கவுண்டர் வரை எட்டும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வேலைகள் எளிதாகத் தோன்றுவதால்தான் சிக்கலே. மெட்ஃபார்மின் இனிப்பு நீருக்கான, அதாவது நீரிழிவுக்கான, மாத்திரை. மெட்ரோனிடசோல் நோய்க்கிருமிக்கான மாத்திரை. அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இந்த ஜோடியைப் பற்றி உலகம் முழுக்க மருந்தாளர்களுக்கு எச்சரிக்கை சொல்லித் தருகிறார்கள், எஸ்.பி.எம். முடித்து வந்த பெண்ணுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? இரத்த அழுத்தம் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், கைப்பட்டை அளவாக இருக்க வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தை இயந்திரம் காட்டும். அந்தப் பொய் எண்ணை நம்பி ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்கப்படலாம். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வைப்பது சலிப்பான வேலை. ஆனால் இரவில் மின்சாரம் போன விஷயம் தெரியாமல் மறுநாள் ஊசி போட்டால், குழந்தைக்குக் கிடைப்பது வெறும் குத்தல்தான். நெஞ்சை அழுத்துகிறது என்று சொல்லி வியர்த்துப்போய் வந்தவரை வரிசை எண் கொடுத்து உட்கார வைப்பதா, உடனே டாக்டரின் கதவைத் தட்டுவதா? அதையும் முதலில் முடிவு செய்பவர் கவுண்டர் பெண்தான்.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. தோட்டங்களில் ஒரு டிரெஸர் இருந்தார். காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டும் உதவியாளர் என்ற பொருளில் வந்த பெயர் அது. ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கர் ரப்பர் காட்டுக்கு நடுவே டாக்டர் என்றாவது ஒருநாள் வந்துபோகும் இடத்தில், மலேரியாவையும் வயிற்றுப்போக்கையும் பால் வெட்டும் கத்தி கிழித்த காலையும் பார்த்தவர் அவர்தான். தோட்ட மக்களுக்கு அவர் டாக்டருக்கு அரைப்படி கீழே. அவரை அப்படியே காற்றில் விட்டுவிடவில்லை இந்த நாடு. 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. யார் அந்த வேலையைச் செய்யலாம் என்பதற்குப் பதிவேடு வந்தது. அரசாங்க மருத்துவமனைகளில் இருந்த அவருடைய சகோதரர்களுக்கு 1977இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் கிடைத்தது. இன்று அவர்கள் உதவி மருத்துவ அதிகாரிகள். பட்டயப் படிப்பும் பதவி உயர்வும் உள்ள வேலை. கட்டுப் போடும் கையாளாகத் தொடங்கிய ஒரு வேலை, பயிற்சியும் பதிவும் வந்த பிறகு ஒரு தொழிலாக நிமிர்ந்தது. தோட்டங்கள் போய் நகரம் வந்தபோது டிரெஸரின் இடத்துக்குக் கடைவீட்டு கிளினிக் வந்தது. ரப்பர்த் தோட்டமாக இருந்த சீபோர்ட் இன்று கிளானா ஜெயாவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. எஃபிங்ஹாம் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளி பண்டார் உத்தாமாவில் இருக்கிறது. மக்கள் இடம் மாறினார்கள், மருந்து தரும் இடமும் மாறியது. டிரெஸருக்குக் கிடைத்த சட்டமும் படிப்பும் மட்டும் மிஸ்ஸிக்கு வந்து சேரவில்லை. டிரெஸர் பெரும்பாலும் ஆண், மிஸ்ஸி பெரும்பாலும் பெண் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லவே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கவுண்டரின் மேல் எவ்வளவு சுமை ஏறுகிறது என்பதற்குச் சுங்கை வே நல்ல எடுத்துக்காட்டு. அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம் ஒரு பக்கம். 1972இல் தொடங்கிய தடையற்ற வாணிப வலயமும் அதன் மின்னணுத் தொழிற்சாலைகளும் ஒரு பக்கம். சற்றுத் தள்ளி டேசா மெந்தாரி அடுக்குமாடிகள். ஒரே கவுண்டரில் ஷிஃப்ட் முடித்து எம்.சி. விடுப்புச் சான்று கேட்டு வரும் தொழிலாளியும், மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும் நேப்பாள, வங்காளதேச இளைஞர்களும், இருபது ஆண்டு இனிப்பு நீரோடு வரும் பாட்டியும் வந்து நிற்பார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமெமா பரிசோதனை 1997 முதல் நடக்கிறது. வந்தவர் அவர்தானா என்று கடப்பிதழைப் பார்ப்பதும், சிறுநீர் மாதிரியை மாறாமல் பெயரிட்டு வைப்பதும் அதில் உண்டு. 2013இல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் உடல்நலப் பரிசோதனைத் திட்டம், 2017இல் சிலாங்கூரின் பெடுலி சிஹாட், 2019இல் பெக்கா பி40, 2021இல் கோவிட் தடுப்பூசி, 2023இல் மடானி மருத்துவத் திட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அரசாங்கம் தனியார் கிளினிக்குகளின் கதவைத் தட்டிவந்திருக்கிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிப் படிவம், தனிக் கணினிப் பக்கம், தனி விதி. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையும் முதல்நிலைப் பராமரிப்பைப் பலப்படுத்த வேண்டும், தனியார் கிளினிக்குகளையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சுமை கிளினிக்குக்கு என்று எழுதுகிறார்கள். அதைத் தூக்குவது பெரும்பாலும் கவுண்டர்.

இந்த இடத்தில் டாக்டர்களின் மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பு: பணம் எங்கே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1998ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ வசதிகள் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த விதிகள், பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட் என்று வரையறுத்தன. மருந்து விலைப் பட்டியலைக் காட்சிக்கு வைக்கும் உத்தரவை எதிர்த்து 2025 மே மாதம் டாக்டர்கள் புத்ராஜெயாவில் கூடியபோதும் அதே எண்தான் நடப்பில் இருந்தது. அதே காலத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இன் 900 ரிங்கிட்டிலிருந்து 2022இல் 1,500 ஆகி, 2025இல் 1,700 ஆனது. நான்கு உதவியாளருக்கு 6,800 ரிங்கிட். சேமநிதியில் முதலாளி பங்கு 13 விழுக்காட்டைச் சேர்த்தால் 7,684. அந்த வரம்பின்படி ஒரு நோயாளியிடம் முழுசாக 35 ரிங்கிட் வாங்கினாலும் இந்தச் சம்பளத்துக்கு மட்டும் மாதம் 220 பேர் வர வேண்டும்; பேனல் கம்பெனி 15 ரிங்கிட்தான் தரும் என்றால் 513 பேர். காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை, வாரம் ஆறு நாள் திறந்தால் 78 மணி நேரம். 2023 ஜனவரி முதல் சட்டப்படி வார வேலை நேரம் 45 மணி. அதாவது கவுண்டரின் ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய இரண்டு பேர் வேண்டும்.

இந்தக் கணக்கு உண்மை. ஆனால் அது காட்டுவது டாக்டர்கள் சொல்ல வரும் முடிவை இல்லை என்று நினைக்கிறேன். சம்பளத்தில் போட்டியிட முடியாத தொழிலுக்கு வேறு எதை வைத்து ஆளைப் பிடிப்பது? சுங்கை வேயில் பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் தொழிற்சாலை. அங்கே அதே அடிப்படைச் சம்பளத்தோடு ஓ.டி.யும் ஷிஃப்ட் படியும் உண்டு, நோயாளியின் வசவு கிடையாது. கிளினிக் தரக்கூடியது, தொழிற்சாலை தராத ஒன்றாக இருக்க வேண்டும்: கையில் தங்கும் ஒரு தொழிலறிவு, அதை மற்றவர் மதிக்கும் ஒரு சான்று, இன்று கவுண்டர், நாளை டிரெஸ்ஸிங் அறை, பிறகு கிளினிக் மேலாளர் என்று ஒரு படிக்கட்டு. மூன்றாண்டு நின்றவரும் மூன்று வாரம் நின்றவரும் அதே பெயரில், ஏறக்குறைய அதே சம்பளத்தில் இருக்கும் இடத்தில் யார்தான் நிலைத்து நிற்பார்கள்? ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் டாக்டரின் நேரமும் தவறிய பேனல் பில்களும் காலாவதியான மருந்தும் வீணாகின்றன. அவை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் 'ஆள் மாறிய செலவு' என்ற தலைப்பில் எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான்.

பயிற்சியால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, தேவை எவ்வளவு பெரிது என்பதை முதலில் காட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. அதே ஆய்வு, மூன்றில் ஒருவருக்கு உடல்நலத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவு என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். டாக்டர் அறைக்குள் ஐந்து நிமிடத்தில் தலையாட்டிவிட்டு வரும் அங்கிள், மருந்து வாங்கும்போதுதான் கவுண்டரில் மெதுவாகக் கேட்பார்: "தங்கச்சி, இந்த மாத்திரையை நோன்பு நாள்ல எப்படிம்மா சாப்பிடறது?" அந்தக் கேள்விக்குச் சரியான பதிலோ, இதை டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்ற பதிலோ கிடைத்தால் ஒரு மயக்கம் தவிர்க்கப்படும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதே ஊகத்தின்மேல்தான் கட்டப்பட்டது. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வைத்தார்கள், மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்க வைத்தார்கள். 2024இல் ஐ.நா.வின் விருதும் அதற்குக் கிடைத்தது. அதற்கும் குறைகள் உண்டு. தன்னார்வலர் என்று பெயர் வைத்து ஊதியத்தைக் குறைப்பது அதில் முதன்மையானது. ஆனால் தாதியர் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பெண், எல்லை வகுத்து முறையாகப் பயிற்றப்பட்டால், இந்த வேலைகளைச் செய்ய முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

டிங்கியை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி டிங்கியை 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் வருகிறது. நோயாளியோ காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியாகிவிடுவார். 'நாளைக்கு இரத்தப் பரிசோதனைக்குக் கட்டாயம் வாங்க, வாந்தியோ வயிற்று வலியோ வந்தால் இன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சொல்வதும், வராதவரை மறுநாள் காலை போனில் கூப்பிடுவதும் கவுண்டரில் நடக்க வேண்டிய வேலை. சிலாங்கூரில் வாழ்பவர்களுக்கு இதன் எடையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: பயிற்சி கொடுத்து ஆளாக்கினால் பக்கத்துக் கிளினிக் ஐம்பது ரிங்கிட் கூடக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் எழுதிய மனித மூலதனம் பற்றிய நூலில் இதற்கு விடை இருக்கிறது. எங்கு போனாலும் பயன்படும் பயிற்சிக்கு எந்தத் தனி முதலாளியும் தன் பணத்தைப் போட மாட்டார். அது கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. எனவே செலவைத் தனி முதலாளியின் தலையில் வைக்காமல் பொதுவில் வைக்க வேண்டும். மலேசியாவில் அப்படி ஒரு பொது ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு, பத்தோ அதற்கு மேலோ மலேசியர்களுக்கு வேலை தரும் முதலாளி சம்பளத்தில் ஒரு விழுக்காடு கட்டுகிறார். கட்டியதைப் பயிற்சிக்குத் திரும்ப எடுக்கிறார். ஐந்து முதல் ஒன்பது பேர் என்றால் விரும்பினால் அரை விழுக்காடு கட்டிச் சேரலாம். நான்கு பேரை வைத்திருக்கும் தெருமுனை கிளினிக் இந்த வலையில் எங்கேயும் விழாது. பெரிய மருத்துவமனைக்குப் பயிற்சி நிதி உண்டு, யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவருக்கு இல்லை. சிங்கப்பூர் இதே சிக்கலை வேறு வழியில் அணுகியது. 2018 முதல் தனியார் கிளினிக்குகள் சேர்ந்து அமைத்த முதல்நிலைப் பராமரிப்புக் கூட்டமைப்புகளுக்கு அரசாங்கம் நிதி தருகிறது. தாதியையும் ஒருங்கிணைப்பாளரையும் பல கிளினிக்குகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கிளினிக்கால் தாங்க முடியாததைப் பத்து கிளினிக் தாங்குகிறது. சிங்கப்பூரின் பணம் நம்மிடம் இல்லைதான். பகிர்ந்துகொள்வதற்கு அந்த அளவு பணம் தேவையும் இல்லை.

சான்றிதழைக் கட்டாயமாக்கினால் ஏழைப் பெண்ணுக்கு இருக்கும் ஒரு கதவும் மூடிவிடாதா? இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எஸ்.பி.எம்.மில் கணிதம் தவறியவருக்கு, திருமணத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பும் தாய்க்கு, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் மரியாதையான வேலை கிளினிக் வேலை. சேர்வதற்கு முன்பே சான்று கேட்டால் இவர்கள் வெளியே நிற்பார்கள். பணம் பிடுங்கும் தனியார் கல்லூரிகள் மட்டும் கொழுக்கும். அதனால் சான்று வாசலில் நிற்கும் காவலாளியாக இருக்கக் கூடாது, உள்ளே வந்தபின் ஏறும் படியாக இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் மலேசியத் திறன் சான்றிதழில் ஏற்கெனவே இதற்கு வழி உண்டு: வேலையில் சேர்த்த அனுபவத்தை ஆதாரங்களோடு காட்டி, மதிப்பீட்டாளர் முன் நிரூபித்துச் சான்று பெறும் முறை. பத்தாண்டு கவுண்டரில் நின்ற அக்காவை மீண்டும் வகுப்பில் உட்கார வைக்க வேண்டியதில்லை. எது அவருடைய எல்லை, எது டாக்டரின் எல்லை என்று தெளிவாக எழுதிய பாடத்திட்டம் ஒன்று இருந்தால் போதும். அந்த எல்லைக்கோடு இல்லாத பயிற்சி ஆபத்து என்று டாக்டர்கள் அஞ்சுவதிலும் பொருள் உண்டு. அரைகுறை அறிவோடு கவுண்டரிலேயே வைத்தியம் தொடங்கிவிடுவார்கள் என்பது வீண் பயம் இல்லை. ஆனால் எல்லையே சொல்லித் தராத இன்றைய நிலையில் அந்த ஆபத்து கூடுதலாகத்தான் இருக்கிறது.

கணினி வந்துவிட்டது, இனி கவுண்டர் ஆள் எதற்கு என்பவர்களும் இருக்கிறார்கள். பதிவும் பில்லும் போகட்டும், போனால் நல்லது. ஆனால் கணினி வந்ததும் ஒரு புதிய பொறுப்பும் வந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தபோது உடல்நலத் தகவலை உணர்வுமிக்க தரவாக வகைப்படுத்தியது. எல்லோரும் எல்லோரையும் தெரிந்து வைத்திருக்கும் சுங்கை வே மாதிரி இடத்தில், எதிர்வீட்டுப் பெண் எதற்காக கிளினிக்குக்கு வந்தாள் என்பதை வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் இருப்பதும் ஒரு பயிற்சி. முதலாளியே போன் செய்து உங்கள் நோயாளிக்கு என்ன நோய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது.

ஒரு தொடக்கத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒரே வட்டாரத்தில் பத்து கிளினிக்குகள், ஞாயிறு பிற்பகலில் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு வாரம். இரத்த அழுத்தம், மருந்து உறை, குளிர்பெட்டி, டிங்கி, நெஞ்சுவலி, இரகசியம், கோபக்கார நோயாளி. ஓய்வு பெற்ற தாதி ஒருவர், மருந்தாளர் ஒருவர், முறைவைத்து வரும் டாக்டர்கள். வகுப்பு நேரமும் வேலை நேரமாகவே எண்ணப்பட வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் வாரம் யாரும் வர மாட்டார்கள். ஒரு கிளினிக் மாதம் 100 ரிங்கிட் போட்டால் ஆண்டுக்கு 12,000 ரிங்கிட் சேரும். ஒரு கிளினிக்குக்கு அது நாளொன்றுக்கு மூன்று ரிங்கிட் முப்பது சென். தெரு முனையில் ஒரு தே தாரிக் குடித்தால் மிச்சம் சில்லறைதான்.